சந்தனம் வைத்த நாற்பத்திரண்டு புத்தகங்கள்

என் அம்மாவின் கல்யாணச் சீரோடு ஓர் இரும்புப் பெட்டியும் வந்ததாம். பூட்டுப் போட்ட பெட்டி. அதைத் தூக்கிப் பார்த்த அத்தை, கனத்தை வைத்து வெண்கலப் பாத்திரம் என்று முடிவு கட்டி, எங்கள் ஊர் கரியமாணிக்கத்தில் நாலு வீட்டில் சொல்லியும் விட்டாள். மூன்றாம் நாள் திறந்து பார்த்தால் உள்ளே அடிமட்டம் வரை காமிக்ஸ். முகமூடி போட்டவன், குதிரைமேல் துப்பாக்கியோடு போகிறவன், கோட்டு மாட்டிய உளவாளி என்று அட்டைக்கு ஒருவன். "பொண்ணுக்கு இருபத்தி மூணு வயசு, இன்னும் பொம்ம புக்கு படிக்குதாம்" என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள். வெண்கலம் போன வருத்தம் அவளுக்கு இன்றைக்கும் தீரவில்லை.

அம்மா பாகூர்ப் பக்கம் பிறந்தவள். அவளுடைய அப்பா புதுச்சேரியில் மில் வேலை பார்த்தவர். வாரக் கடைசியில் வரும்போது பிள்ளைகளுக்குப் பொட்டலமும் அம்மாவுக்கு மட்டும் ஒரு காமிக்ஸும் வாங்கி வருவாராம். அவர் போன பிறகும் அம்மா தானே வாங்கிச் சேர்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நின்றுபோனது. எனக்கு விவரம் தெரிந்தபோது அந்தப் பெட்டியின்மேல் தலையணைகளை அடுக்கி வைத்திருந்தோம், அவ்வளவுதான் அதன் உபயோகம்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அம்மா அதை விற்க முடிவு செய்தாள். காரணம் ஒரு ஸ்கூட்டர்.

அம்மா அப்போது ஒதியம்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி டீச்சர். வீடு கரியமாணிக்கத்தில். காலையில் சோறாக்கி, டப்பா கட்டி, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் வில்லியனூரில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸில் பாதி நாள் படிக்கட்டு வரைக்கும்தான் இடம் கிடைக்கும். சாயங்காலமும் அதே கதை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, மறுபடி அடுப்படி. ராத்திரி தட்டில் கை வைத்தபடியே தூங்கி விழுவாள். "நான் கொண்டுபோயி வுடறேன்" என்று அப்பா ஒவ்வொரு மாதமும் சொல்வார். அவருக்கு நெட்டப்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை. எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டியவர் எங்கே வில்லியனூர் போவது? ஒரு தடவை கொண்டுபோய் விட்டார். அதை ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பள்ளியில் இன்னொரு டீச்சர், வீட்டுக்காரரோடு சொந்த ஊருக்கே போய்விடுவதால் தன் ஸ்கூட்டரை விற்பதாக இருந்தாள். முதலில் அம்மாவைத்தான் கேட்டாள். விஜயதசமி வரைக்கும் வேறு யாருக்கும் தரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தாள். அம்மா தயங்கித் தயங்கி அப்பாவிடம் சொன்னாள்.

"வாங்கிக்கோ, நானா வேணாங்கறேன்? கடைக் காசுல மட்டும் கைய வைக்காத" என்றார் அப்பா.

தாராள மனசு. அம்மாவின் சம்பளம் பாலுக்கும் கேஸுக்கும் என் ஸ்கூலுக்கும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அம்மாவுக்கென்று அந்த வீட்டில் இருந்தது தலையணைக்கு அடியில் இருந்த பெட்டிதான்.

பழைய காமிக்ஸுக்கு ஆன்லைனில் விலை இருக்கிறது என்று அவளுக்குப் பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனில் காமிக்ஸ் சேகரிப்பவர்களின் குழு ஒன்றில் சேர்ந்து, பத்துப் புத்தகங்களின் படத்தைப் போட்டாள். அன்றைக்கே அறுபது பேர் எழுதியிருந்தார்கள். அதில் பாதிப் பேர் அம்மாவை சார் என்றார்கள். பெண் பெயரில் எவனோ ஏமாற்றுகிறான், யாரும் பணம் அனுப்பாதீர்கள் என்று ஒருவர் எச்சரிக்கையே போட்டுவிட்டார். அம்மா பார்த்தாள். மறுநாள் புத்தகத்தைக் கையில் பிடித்து, வளையல் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போட்டாள். சந்தேகம் தீர்ந்தது. சாப்டீங்களா மேடம் என்று கேட்கிறவர்கள் வரத் தொடங்கினார்கள்.

விலைக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் அம்மா அங்கேதான் கற்றுக்கொண்டாள். அட்டை முழுசாக இருக்க வேண்டும். நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கக் கூடாது. நடுப்பக்கம் கழன்றிருக்கக் கூடாது. உள்ளே பெயர் எழுதியிருந்தால் விலை பாதி. புள்ளிகளைச் சேர்த்துப் படம் வரைகிற பக்கத்தில் யாராவது பேனா வைத்திருந்தால் அதுவும் போச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் வெள்ளை வேட்டியை விரித்து ஒவ்வொன்றையும் ஆறு படம் எடுப்பாள். நான் பக்கம் மடங்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். முழுசு, சுமார், கந்தல் என்று மூன்று கட்டாகப் பிரித்தோம். அவள் உயிராகப் படித்தவையெல்லாம் கந்தல் கட்டில் கிடந்தன. அவளுக்குப் பிடிக்காமல் ஒரே தடவை புரட்டிவிட்டு வைத்தவைதான் முழுசாக இருந்தன, அவற்றுக்குத்தான் ஆயிரக்கணக்கில் விலை கேட்டார்கள்.

"எல்லாத்தையும் புடிக்காம படிச்சிருந்தா இப்ப காரே வாங்கியிருக்கலாம்டி" என்றாள். அவள் சிரித்ததாக எனக்கு ஞாபகம், ஆனால் தூக்கத்தில் அவள் கண் சொருகிக்கொண்டு வந்தது.

இலவசமாகக் கேட்டவர்கள், பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால் போதும் என்றவர்கள், விலை பேசி முடித்துவிட்டுக் காணாமல் போனவர்கள் என்று எல்லாரும் கழிந்து, கடைசியில் சேலத்துக்காரர் ஒருவர் நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பின்னுக்கும் தனித்தனியாகப் படம் கேட்டார். அம்மாவும் அலுக்காமல் அனுப்பினாள். முழுசு கட்டில் நாற்பத்திரண்டை அவர் பொறுக்கி எடுத்தார். பேசிய தொகை ஸ்கூட்டருக்குச் சரியாக இருந்தது, மேலே ஒரு ஹெல்மெட்டுக்கும் வந்தது. கூரியரில் போட்டால் முனை மடங்கும், விஜயதசமி அன்றைக்கு நேரிலேயே வந்து பணத்தைக் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

விஜயதசமிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் ஆயுத பூஜையும் சரஸ்வதி பூஜையும் ஒன்றாக நடக்கும். கடையில் முடித்துவிட்டு அங்கிருக்கும் முக்கியமான சாமான்களை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி முன்னால் வைப்பார். அந்த வருஷம் அம்மாவின் கட்டைப் பார்த்து, "வூட்ட வுட்டுப் போற பொருளு. ஒரு ராத்திரி சாமி கால்ல இருந்துட்டுப் போவட்டும்" என்றார். அம்மாவும் சரி என்றாள். நாற்பத்திரண்டையும் செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டி, என் கையில் கொடுத்துவிட்டு வடைக்கு அரைக்கப் போனாள்.

சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. நாலு வயதிலிருந்து நான்தான். ஒரு கிண்ணத்தில் கரைத்த சந்தனம், இன்னொன்றில் குங்குமம். தராசு, குழாய் திருகும் ஸ்பேனர், கம்பி வெட்டுகிற கட்டர், பில் புத்தகம், அப்பாவின் வண்டி, மிக்சி, ஃபிரிட்ஜ், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் வைப்பேன். "ஒண்ணு கூட வுடாத, வுட்டா அது கோச்சிக்கும்" என்பார் அப்பா. பில் புத்தகக் கட்டு வந்தால் மேலே இருப்பதற்கு மட்டும் வைத்து ஏமாற்ற மாட்டேன். பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வைத்து, மறுபடி அடுக்குவேன். இதற்காக வருஷா வருஷம் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள்.

அம்மாவின் கட்டையும் அப்படியே பிரித்தேன்.

அட்டையில் எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். சாமி படத்துக்கு நெற்றியில்தானே வைக்கிறோம். அதனால் முகமூடிக்காரனுக்கும் குதிரைக்காரனுக்கும் உளவாளிக்கும் நெற்றியைத் தேடித் தேடி வைத்தேன். தொப்பி போட்டிருந்தவர்களுக்குத் தொப்பியின்மேல் வைத்தேன். நாற்பத்திரண்டு பேர். ஒருத்தரையும் விடவில்லை. ஈரம் காய்வதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பிருந்தது போலவே செய்தித்தாளைச் சுற்றி, சணலை இறுக்கிக் கட்டிச் சரஸ்வதிக்கு முன்னால் வைத்தேன். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் மறுபூஜை முடியும் வரை யாரும் தொடக் கூடாது. அதனால் யாரும் தொடவில்லை.

சேலத்துக்காரர் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். பையில் புத்தக அளவுக்கு பிளாஸ்டிக் உறைகள் எடுத்து வந்திருந்தார். அப்பா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கம்பி விலை ஏறியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மறுபூஜை முடிந்ததும் அம்மா கட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். பதினோரு மணிக்கு அந்த டீச்சர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தார். முதல் புத்தகத்தைத் தூக்கினார். இரண்டாவதும் கூடவே வந்தது. பிரிக்கப் பார்த்தார். சர்ரென்று ஒரு சத்தம். குதிரைக்காரனின் நெற்றி, மேலே இருந்த புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படித்தான் ஒட்டியிருந்தது. குங்குமம் ஊறி அட்டைக்குள் இறங்கியிருந்தது.

நான் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான்தான் வெச்சேன். எல்லாத்துக்கும் வெச்சேன்" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடிப்பாள் என்று தோன்றவேயில்லை, அவள் முகத்தில் கோபம் இல்லை. உள்ளே போய் ஈரப் பஞ்சு கொண்டுவந்து ஒரு அட்டையை மெதுவாகத் துடைத்தாள். சந்தனத்தோடு உளவாளியின் ஒரு கண்ணும் போனது.

"விடுங்க மேடம், தேய்க்காதீங்க" என்றார் அவர். பிறகு விரலால் அந்தச் சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பூஜையில வெச்சதை எங்க வீட்டுல விலைக்கு வாங்கறதில்லைங்க. அம்மனே இது உங்ககிட்ட இருக்கட்டும்னு நினைக்கிறா போல" என்றார்.

சுண்டலை மறுக்காமல் சாப்பிட்டார். கிளம்பும்போது அம்மா வாசல் வரை போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"பாதி விலைக்காவது எடுத்துக்குங்க சார்" என்றாள். அவள் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"கண்டிஷன் போச்சுங்க மேடம்" என்றார் அவர், அப்பாவுக்குக் கேட்காத குரலில். கால் பங்குக்குக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். நல்ல மனுஷன், தலையைக் குனிந்துகொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

அந்த வாசல் பேச்சை என்னைத் தவிர வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவர் உள்ளே சொன்னதைத்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். "பாத்தியா, சாமிக்கே மனசு வரல" என்றார் அப்பா. மத்தியானம் சாப்பிட வந்த அத்தை, "கொழந்த மாதிரி வெச்சிருந்தா, அதான் அதுங்க வூட்ட வுட்டுப் போவல" என்றாள். வெண்கலப் பாத்திரத்தைப் பற்றிக் குறைப்பட்டவளே அப்படிச் சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்? தீபாவளிக்கு வந்தவர்களெல்லாம் கேட்டு வியந்தார்கள். சரஸ்வதி என் கையால் அம்மாவின் புத்தகங்களைக் காப்பாற்றிவிட்டாள் என்று, வாசல் பேச்சு புரியாத நானும் நம்பினேன். அம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது வந்தால் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். தலையணைகளை இறக்கி, திறந்து காட்டிவிட்டு, மறுபடி ஏற்றி வைப்பாள்.

ஸ்கூட்டரை வேறு யாரோ வாங்கிப் போனார்கள். அம்மா அந்த வருஷப் பரீட்சை முடியும்வரை இரண்டு பஸ் மாறிப் போனாள். மழைக்காலத்தில் ஒரு நாள் படிக்கட்டிலிருந்து சறுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அடுத்த வருஷம் அவளுக்குச் சின்ன வகுப்புகளின் பொறுப்பைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏப்ரலில் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது நான் வேலைக்குப் போகிறேன். அதே வில்லியனூரில் இறங்கி, அதே மாதிரி இன்னொரு பஸ். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்த ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன், அந்தப் புத்தகங்கள் பாழானதில் அவளுக்கு வருத்தமா என்று.

"புக்கு கெடக்குது வுடு. வண்டி வந்திருந்தா நான் வேலைய வுட்டிருக்க மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு எனக்குத் தோசை ஊற்ற எழுந்து போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அம்மா வேலையை விட்ட வருஷத்து ஜூன் மாதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதுவரை ஸ்கூல் விட்டால் நான் கடைக்குப் போய், ஆணி டப்பாக்களுக்கு நடுவில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு அம்மா வரும்வரை இருப்பேன். ஆறாம் வகுப்புத் தொடங்கிய முதல் நாள், கடைக்குப் போக வேண்டாம், நேரே வீட்டுக்குப் போ என்றார்கள். போனேன். கதவு திறந்திருந்தது. அம்மா உள்ளே இருந்தாள், எண்ணெய்ச் சட்டியில் பஜ்ஜி மிதந்தது.

"இனிமே டெய்லி வூட்லயே இருப்பியாம்மா?" என்று கேட்டேன்.

"ம்" என்றாள்.

என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. பையைக்கூடக் கழற்றாமல், எங்க அம்மா வேலைய வுட்டுட்டாங்க, எங்க அம்மா வேலைய வுட்டுட்டாங்க என்று தெருவில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லிக்கொண்டு ஓடினேன்.