ஒத்தை ஆள் வாள்

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஒன்பது வருஷம் மரம் அறுத்தேன். அறுத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வாள் ஐந்தரை அடி நீளம்; இரண்டு முனையிலும் மரப்பிடி. இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். ஒருவன் இழுக்கும்போது மற்றவன் கையைத் தளர்த்தி விட்டுக்கொடுக்க வேண்டும். பிடிவாதமாகத் தள்ளினால் தகடு வளைந்து மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். எதிர்முனையில் இருந்தவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அண்ணே என்று கூப்பிடுவேன். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் கூலியாட்களைத் திரட்டி வந்த ஒரே கங்காணியின் பின்னால் தென்காசிப் பக்கமிருந்து மலையேறியவர்கள். அதைத் தாண்டி ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது.

ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு எவ்வளவு விறகு வெட்டினாலும் போதாது. யூக்கலிப்டஸும் காய்ந்துபோன சில்வர் ஓக்கும் அறுத்து அடுக்கிக்கொண்டே இருப்போம். ஆனாலும் எஸ்டேட்டின் உதவி மேனேஜர் சின்னத்துரையின் கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் அத்தனை வருஷமும் தற்காலிகக் கூலிகள்தான். பேர் பதியாதவனுக்கு லயத்தில், எஸ்டேட் கட்டிய வரிசை வீடுகளில், இடம் கிடையாது. நான் தனிக்கட்டை, பஜாரில் ஒரு மாடியறையில் படுத்துக்கொள்வேன். அவருக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். பஜாருக்குப் பின்னால், ஆற்றை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம், குமுளியில் ஒரு மரக் காண்ட்ராக்டரின் கொட்டகையில் அந்த மிஷின் வாளைப் பார்த்தோம். செயின் ஓடி அறுக்கிற வாள். வெளிநாட்டுச் சரக்கு. ஓடி ஓடி ஓய்ந்து, சாணி மெழுகிய மாதிரி மரத்தூளும் எண்ணெயும் அப்பி, மூலையில் கிடந்தது. சைலன்சரைக் காணோம். கயிற்றை இழுத்துப் பார்த்தேன். பிஸ்டனில் அழுத்தமே இல்லை. காண்ட்ராக்டர் சிரித்தார். அவருக்குப் பதினைந்து நாள் மரம் அறுத்துக் கொடுத்து, கூலிக்குப் பதிலாக அதை வாங்கிக்கொண்டோம்.

எஸ்டேட்டுக்கு வருவதற்கு முன்பு கம்பத்தில் ஒரு லாரி பட்டறையில் மூன்று வருஷம் கிடந்தவன் நான். இஞ்சினைக் கண்டு எனக்குப் பயமில்லை. அண்ணனுக்கு இஞ்சின் தெரியாது, மரம் தெரியும். எந்த மரம் எந்தப் பக்கம் சாயும் என்று தொட்டுப் பார்த்தே சொல்வார்.

அந்த மழைக்காலம் முழுக்க அவருடைய கொட்டகையில் வைத்துத்தான் அதைப் பிரித்துக் கோத்தோம். மதினி தன் அலுமினியச் சட்டியைக் கொடுத்துவிட்டு, "இனிமே இதுல சோறு வடிக்க முடியுமா?" என்று சலித்துக்கொண்டாள். மண்ணெண்ணெயில் ஒவ்வொரு சாமானாகக் கழுவினோம். பிஸ்டன் வளையம் தேய்ந்து போயிருந்தது. கம்பத்துக்குப் போய் ஸ்கூட்டர் வளையம் ஒன்று வாங்கி, முனையை அராவி அராவிப் பொருத்தினேன். கார்புரேட்டரில் கிழிந்திருந்த சவ்வுக்குப் பதிலாக ஜீப் பெட்ரோல் பம்பின் ரப்பர்த் துணியை வெட்டிப் போட்டேன். ஜீப் புகைக்குழாயில் ஒரு துண்டை அறுத்து, உள்ளே துளைபோட்ட தகடு வைத்து, நானே சைலன்சர் செய்தேன். அது சரியாக அமையவில்லை. தொண்டை கட்டின ஆள் கத்துவதுபோல ஒரு பிளந்த சத்தம் வந்தது. மாற்றலாம் என்றேன். "கெடக்கட்டும்லே, நம்ம பேச்சு மாதிரிதான் இருக்கு" என்றார் அண்ணன்.

பழைய பிளேடு சின்னது, பெரிய அடிமரத்துக்கு எட்டாது. காண்ட்ராக்டரின் கொட்டகையிலேயே நீளமான பிளேடு ஒன்று கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி மாட்டினோம். இப்போது செயின் நீளம் போதவில்லை. இரண்டு பழைய செயினை வெட்டி ஒன்றாக இணைத்தேன். இணைக்கிற ஒரு கண்ணிக்கு மட்டும் சரியான ரிவிட் கிடைக்கவில்லை. இரும்புக் கம்பியைத் தேய்த்து, சுத்தியலால் தலை பரத்தி அடித்தேன். எனக்கே அதில் திருப்தி இல்லை. அண்ணனிடம் சொன்னேன்: "புதுச் செயின் வாங்குற வரைக்கும் தாங்கும்ணே. ஆனா தெனமும் நான் பாத்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

"அது ஒன் வேலைலே" என்றார்.

ஆவணி பிறந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில் அது ஓடியது. என் இடுப்பளவு தடிமனான யூக்கலிப்டஸ் கட்டை ஒன்றில் வைத்தோம். நானும் அவரும் வாளிழுத்தால் ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரத்துக்கு மேல் ஆகும். அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கி, கட்டை இரண்டாகப் புரண்டது. இரண்டு பெண் பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். அண்ணன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒருவர் அறுப்பது, மற்றவர் ஆப்பு அடித்து மரத்தின் சாய்வைப் பார்ப்பது, நாள் விட்டு நாள் மாற்றிக்கொள்வது என்று பேசிக்கொண்டோம்.

மூன்று வாரம் அப்படித்தான் போயிற்று. காலையில் நான் செயினைக் கையால் சுற்றிப் பார்ப்பேன். அந்தக் கண்ணி வந்ததும் சுத்தியலால் இரண்டு தட்டு. பிறகுதான் கயிற்றை இழுப்பது.

ஒரு திங்கட்கிழமை அண்ணன் வாள் இல்லாமல் வந்தார். "இஞ்சின் சூடாவுதுலே. கம்பத்துல ஒன் பழைய பட்டறையிலயே குடுத்துட்டு வந்துட்டேன். ஒரு வாரம் ஆவும்னான்" என்றார். என்னிடம் கேட்காமல் ஏன் கொண்டுபோனார் என்று ஒரு நொடி உறுத்தியது. மூன்று வருஷம் நான் வேலை பார்த்த இடம். நல்லபடியாகத்தான் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டேன். தனக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, இந்த வாரம் வேலைக்கு வரமுடியாது என்றும் சொன்னார். நான் தைலம் வாங்கிக்கொண்டுபோய் மதினியிடம் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வியாழக்கிழமை நான் கீழ் டிவிஷனில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்மலையில், ஒரு இஞ்சின் கத்தியது. தொண்டை கட்டின சத்தம். கையிலிருந்த கட்டையைக் கீழே போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அது நின்றது, மறுபடி எழுந்தது, மரத்தில் இறங்கும்போது அடைத்தது. எந்த இடத்தில் அடைக்கும், எந்த இடத்தில் பிளக்கும் என்பதெல்லாம் நான் வைத்த தகட்டின் கணக்கு. வேறு எந்த மிஷினும் அப்படிக் கத்தாது.

ஓடையில் இறங்கி ஏறி எதிர்மலைக்குப் போனேன். அண்ணன் தனியாக நின்று அறுத்துக்கொண்டிருந்தார். ஆப்பு அடிப்பதற்கு எஸ்டேட் ஆள் ஒருவனைக் கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இஞ்சினை அணைத்தார். அந்த ஆள் நாங்கள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டான்.

"இடுப்பு எப்படிண்ணே இருக்கு?" என்றேன்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு சொன்னார்: "சின்னத்துரை கூப்பிட்டு விட்டாரு. சொந்தமா மிஷின் வாள் வெச்சிருக்க ஒரு ஆளைப் பேர் பதிஞ்சு எடுக்கலாம், லயத்துல வீடும் உண்டுன்னாரு. ஒரு ஆளுதாம்லே. ரெண்டு ஆளு வேண்டாம்னுட்டாரு."

"மிஷினு யாருதுன்னு சொன்னீக?"

"என்னுதுன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே போங்கன்னு சொல்லியிருப்பேனேண்ணே. எனக்கு என்ன, புள்ளையா குட்டியா?"

"அது எனக்கு எப்படிலே தெரியும்? நீ எனக்கு முந்திப் போயிருவியோன்னு பயந்துட்டேன்."

அந்த ஒரு வார்த்தைதான். வேலையை எடுத்துக்கொண்டதையும் பொய் சொன்னதையும்கூட நான் பொறுத்திருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன். ஒன்பது வருஷம் பார்த்த பிறகும் என்னைப் பற்றி அவர் மனசில் இருந்தது இதுதானா என்பதைத்தான் தாங்க முடியவில்லை. திரும்பி நடந்தேன். பாதி வழியில் என் பின்னால் இஞ்சின் மறுபடி கத்தியது.

அந்தக் கண்ணியை யாரும் தட்டிப் பார்க்கவில்லை என்பது அப்போதே என் நினைவுக்கு வந்தது. மறந்துவிட்டேன் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று நாள் தெரிந்தேதான் சும்மா இருந்தேன். கையை அறுத்துக்கிட்டு வந்து நிக்கட்டும் என்று ஒரு பக்கம். இரண்டு பெண் பிள்ளைகளின் முகம் இன்னொரு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய புது லயத்து வீட்டுக்குப் போனேன். ஓட்டுக்கூரை, சிமெண்டுத் தரை. மதினி அடுப்படியில் இருந்தாள். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து செயினுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே சொன்னேன்: "நான் அடிச்ச ரிவிட்டு இனி தாங்காதுண்ணே. எஸ்டேட்டுல சொல்லிப் புதுச் செயின் வாங்குங்க. அது வார வரைக்கும் ஓட்டாதீக. அத்துச்சுன்னா நேரா கைக்குத்தான் வரும்."

அவர் நிமிரவில்லை. "வேலைக்குச் சேந்து ஒரு வாரம் ஆவல. மிஷின் சரியில்லைன்னு நான் போய் நிக்கணும், என்னைய அனுப்பிட்டு ஒன்னைய எடுக்கணும். அதானல?"

"அண்ணே, சத்தியமாச் சொல்லுதேன்."

"வயித்தெரிச்சல்ல பேசாதல. போ."

போய்விட்டேன். சின்னத்துரையிடம் நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியாயிற்று, என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் கொஞ்சம் கெட்ட புத்தியும் கலந்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு சில்வர் ஓக்கின் அடிமரத்தில் செயின் அறுந்தது. சாட்டை மாதிரி பின்னால் சுழன்று அவருடைய வலது கையில் அடித்தது. இரண்டு விரல்கள் அங்கேயே போயின. கட்டை விரலின் நரம்பும் அறுந்துவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நான் கேள்விப்பட்டு ஓடியபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர்கள் எனக்கு வழிவிட்டார்கள். மரியாதைக்கு விட்ட வழியில்லை. பக்கத்தில் நிற்க விரும்பாமல் விலகினார்கள். வேலை கிடைக்காத ஆத்திரத்தில் நான் கண்ணியைத் தேய்த்து வைத்துவிட்டேன் என்று அதற்குள் பேச்சு பரவியிருந்தது.

மறுநாள் ஆபீஸில் விசாரணை. மேஜையில் அறுந்த செயின் கிடந்தது. சின்னத்துரை மலையாளி, எங்களோடு தமிழில்தான் பேசுவார். அந்தக் கண்ணியை என் பக்கம் நகர்த்தினார்.

"இது நீ செஞ்சதா?"

"ஆமா தொரை."

"அறுந்துபோகும்னு தெரியுமா?"

"தெரியும். புதுசு மாத்துற வரைக்கும் ஓட்டாதீகன்னு அவர் வீட்டு வாசல்ல வெச்சே சொன்னேன்."

"யாரு சாட்சி?"

"அவரையே கேளுங்க தொரை" என்றேன். எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. அவர் பொய் சொல்லக்கூடியவர் என்பதை என் கண்ணால் பார்த்த பிறகும், இதில் சொல்லமாட்டார் என்று நம்பினேன். விரல் போய்க் கிடக்கிறவன், தன்னை எச்சரிக்க வந்தவனைக் குற்றவாளியாக்குவானா?

என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்து அண்ணன் படுத்திருந்தார். கால்மாட்டில் மதினி. சின்னத்துரை குனிந்து கேட்டார்: "இவன் உன்கிட்ட வந்து செயின் சரியில்லைன்னு சொன்னானா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "இல்ல தொரை. இவன் எங்கிட்ட வரவே இல்ல."

நான் மதினியைப் பார்த்தேன். அவள் போர்வையை அவர் காலில் இழுத்துவிட்டாள். சுருக்கமே இல்லாத போர்வையை மறுபடி மறுபடி இழுத்தாள்.

போலீஸில் கொடுக்கவில்லை, அதுவே கருணை என்றார்கள். எஸ்டேட் எல்லைக்குள் இனி கால் வைக்கக் கூடாது என்றார்கள்.

நான் துணிமணியைக் கட்டிக்கொண்டிருந்த சாயங்காலம் மதினி என் மாடியறைக்கு வந்தாள். படியேறிய இளைப்பு அடங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சொன்னது எல்லாம் என் காதுல விழுந்துச்சு தம்பி. சொல்லியும் கேக்காம ஓட்டினாகன்னா தப்பு அவுக மேலன்னு ஆயிரும். வேலையும் போயிரும், வீடும் போயிரும். அந்த வீடு இல்லைன்னா ரெண்டு பொட்டப் புள்ளைகள வெச்சுக்கிட்டு மறுபடி ஆத்தங்கரைக்கா போவேன்?"

நான் துணிமூட்டையின் முடிச்சை இறுக்கினேன். அவளைத் திட்டவும் வாய் வரவில்லை, பரவாயில்லை என்று சொல்லவும் வரவில்லை.

"ஏதாவது சொல்லுங்க தம்பி" என்றாள்.

"மழை வருது மதினி. போங்க" என்றேன்.

அவருக்கு ஃபேக்டரி வாசலில் காவல் வேலை கொடுத்தார்கள். வீடும் நிலைத்தது. நான் குமுளியில் ஒரு ஜீப் பட்டறையில் சேர்ந்தேன். எஸ்டேட்டில் நடந்தது எனக்கு முன்னாலேயே குமுளிக்கு வந்து சேர்ந்திருந்தது. முதல் ஒரு வருஷம், நான் முடுக்கிய ஒவ்வொரு நட்டையும் முதலாளி இன்னொரு ஆளை விட்டு முடுக்கிப் பார்க்கச் சொல்வார். என் கண் முன்னாலேயே. நான் எழுந்து அந்த ஆளுக்கு இடம் கொடுப்பேன்.

மூன்றாவது வருஷம் ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், வண்டிப்பெரியாரில் ஒரு சாமான் வாங்கிவிட்டுக் குமுளி பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். நடுவில் ஒரு இருக்கையில் அவர். மடியில் ஒரு கரும்புக் கட்டு. மூன்று விரல் கை அதன்மேல் கிடந்தது. என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் ஒதுங்கி, பக்கத்து இடத்தை இடது கையால் தட்டினார்.

"உக்காருலே" என்றார். குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு அம்மாள், "உக்காரலைன்னா நவுருங்க" என்று என்னை இடித்துக்கொண்டு போய் அந்த இடத்தில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பியது.