இரண்டு பேர் என்று எழுதிய படிவம்

மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்த கடைசி அறைதான் சிறப்பு வகுப்பு. பதினான்கு வருஷமாக அதை நடத்துகிறவளைப் பள்ளி முழுக்கக் 'கடைசி ரூம் டீச்சர்' என்றே சொன்னார்கள். பேச்சு வராத பிள்ளை, ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, எழுத்தைக் கண்டாலே மிரளும் பிள்ளை என்று பதினெட்டுப் பேர் அங்கே. இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டிய வகுப்பு. இரண்டாவது ஆள் வருவதுண்டு, தங்குவதுதான் இல்லை. சிறப்புக் கல்வி படித்துவிட்டு வருவார்கள். பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பிள்ளையின் சுபாவத்தையும் சொல்லிக் கொடுப்பாள். கை பழகும் நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். ஏழு பேர் அப்படிப் போயாகிவிட்டது.

"ஏங்க, நான் டீச்சரா, பஸ் ஸ்டாண்டா?" என்று கணவரிடம் அலுத்துக்கொள்வாள்.

எட்டாவதாக வந்த சின்னவள் கெட்டிக்காரி. ஒரு சிறுமி தினமும் மத்தியானம் காதைப் பொத்திக்கொண்டு மேசையில் தலையை முட்டிக்கொள்வாள். சின்னவள் இரண்டு நாள் சும்மா கவனித்தாள்.

"அக்கா, மாடில பெஞ்ச் இழுக்கற சத்தம் இது. நமக்குப் பழகிடுச்சு. இவளுக்கு இடி மாதிரி விழுது."

பெஞ்ச் இழுக்கும் நேரத்துக்கு முன்பே சிறுமியை மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். முட்டல் நின்றது. இத்தனை வருஷம் தனக்கு இது தட்டுப்படவில்லையே என்று பெரியவளுக்குச் சுருக்கென்றது. இவளையாவது விடக்கூடாது என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஆசை ஒன்றரை மாதம் தாங்கியது. எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை பிரசவ விடுப்பில் போனதும், தலைமையாசிரியர் சின்னவளை அங்கே போட்டுவிட்டார். பெரியவள் விறுவிறுவென்று படியேறிப் போனாள்.

"சார், அவ இதுக்குன்னே படிச்சிட்டு வந்தவ."

"யாரு இல்லேன்னா? அங்க நாப்பது பேருக்குப் பரீட்சை வருது டீச்சர். உங்க ரூம்ல என்ன பரீட்சையா கெட்டுப்போகுது? நீங்க ஒருத்தரே நாலு பேருக்குச் சமம். சமாளிச்சுக்குவீங்க."

பாராட்டு என்ற பெயரில் தலையில் கல்லை ஏற்றி அனுப்பினார்.

நான்கு மாதம் கணக்கு நடத்திய சின்னவள் ஒரு நாள் கண்கலங்க வந்தாள். "படிச்சதெல்லாம் மறந்துரும்போல இருக்குக்கா." மறுவாரம் ராஜினாமா செய்து தனியார் பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். அவளைக் குறை சொல்லப் பெரியவளுக்கு வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்வித் துறையிலிருந்து ஆய்வுப் படிவம் வந்தது. 'தகுதி பெற்ற ஆசிரியர்கள்: இரண்டு' என்று பள்ளி அலுவலகத்தில் வழக்கம்போல் டைப் அடித்து வைத்திருந்தார்கள். அவள் பேனாவைத் தொடவில்லை.

"வருஷா வருஷம் போடற கையெழுத்துதானே டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர்.

"அதான் சார் நான் செஞ்ச தப்பு. ரெண்டு பேர் இருக்கோம்னு நானே எழுதிக் குடுத்தா, ஆள் எப்படி அனுப்புவாங்க?"

இரண்டை அடித்து ஒன்று என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி சட்டத்தைப் புரட்டினார். ஓர் ஆசிரியருக்குப் பத்துப் பிள்ளைகள்தான். ஆள் வரும்வரை எட்டுப் பேர் வீட்டில் இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனார். அப்படி ஒரு வெட்டு விழும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. மறுநாள் வாசலில் ஒரு தாய் மறித்துக்கொண்டாள்.

"இப்பதான் தானா சட்டை பட்டன் போடக் கத்துக்கிட்டா. நீங்க போட்ட ஒரு கையெழுத்துல எம்பொண்ணு வீட்ல உக்காந்திருக்கா. நல்லாருங்க!"

அன்று முதல் பெரியவள் மாதம் தவறாமல் மேலிடத்துக்கு மனு எழுதினாள். தலைமையாசிரியர் அவளோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார்.

ஏழு மாதம் கழித்து ஒன்பதாவது ஆள் வந்தார், வேறு வகுப்புக்கு மாற்றக் கூடாது என்ற எழுத்து உத்தரவோடு. வீட்டிலிருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர்தான் திரும்பினார்கள். பட்டன் போடக் கற்ற பெண் வரவில்லை.

"எத்தன வருஷம் இருப்பீங்க?" என்று புதியவரிடம் பெரியவள் முதல் நாளே கேட்டாள்.

"பாக்கலாம் மேடம்" என்றார் வந்தவர்.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டு, முதல் பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.