காருக்கு எது வலது?

சங்கிலியில் தொங்கிய என்ஜின் அரை மணி நேரமாக இறங்க மறுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் ஒரு பக்கமும் அவருடைய மைத்துனர் மறுபக்கமும் நின்று தள்ளியும் தூக்கியும் ஆட்டியும் பார்த்தாயிற்று. ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழுந்துகொண்டது. போல்ட் போக வேண்டிய ஓட்டைகள் இரண்டு விரல்கடை விலகி நின்று, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு திசை பார்த்தன.

மைத்துனர் பஸ் டிப்போவில் இருபது வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறவர். அவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு நிதானமாக நிமிர்ந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“அத்தான், வலது பக்க பிராக்கெட்டை இடது பக்கம் மாட்டியிருக்கீங்க. இடதைத் தூக்கி வலதுல.”

“ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத்தானே மாட்டினேன் மாப்ளே?”

கழற்றி மாற்றியதும் என்ஜின் பேசாமல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மைத்துனருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஊர்க் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடறவரு. நல்லவேளை, கண்ணுக்கு பிராக்கெட் கிடையாது” என்றார். டீ கொண்டுவந்த கண்ணாடிக்காரர் மனைவியும் தம்பியின் பேச்சுக்குச் சிரித்தாள். கண்ணாடிக்காரரும் சேர்ந்து சிரித்துவைத்தார். மைத்துனர் போன பிறகு, பிராக்கெட்டிலிருந்து உரித்துப் போட்டிருந்த பேப்பர் டேப்பைத் தேடி எடுத்தார். ‘என்ஜின் பிராக்கெட் – வலது’ என்று குண்டு குண்டாக, மனைவியின் கையெழுத்தில் இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஐம்பத்தொன்பது வயது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சந்தில் முப்பத்து நாலு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் பிரேம்களைக் காட்ட ஒரு பெண் இருக்கிறாள். பின்னால், கட்டில் போட்டால் நிறைந்துவிடக்கூடிய ஒரு அறையில், லென்ஸ்களை இவரே மெஷினில் தேய்த்துப் பொருத்துவார். கார், கடைக்கு வந்துபோன ஒரு பல் டாக்டரிடம் வாங்கியது. சாம்பல் நிறம், உருண்டையான இரண்டு முன்விளக்குகள், இவரைவிட நாலு வயது இளையது. ஓடத்தான் செய்தது. ஆனால் பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரே துரு. எல்லாவற்றையும் கழற்றி, சுரண்டி, பெயின்ட் அடித்து, மூன்றே மாதத்தில் திரும்ப மாட்டிவிடுகிறேன் என்றார். கழற்றுவது நாலு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. சுரண்டுவதற்கு எட்டு மாதம் ஆனது. அதுவரை ரேடியேட்டர் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகளின் அலமாரியில் கார்புரேட்டர் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விடுமுறைக்கு வந்த மகள், என் ரூமை யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்க என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கழற்றும்போது சீட்டு எழுதியது மனைவி. தெருவில் அவளுக்கு ஸ்டெனோ அம்மா என்று பெயர். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் சுருக்கெழுத்தும் தட்டச்சும் பார்த்து ஓய்வு பெற்றவள். இவர் ஒவ்வொன்றாகக் கழற்றி, இன்னது, இன்ன பக்கம் என்று சொல்லச் சொல்ல, அவள் டேப்பைக் கிழித்து எழுதி ஒட்டுவாள். அவள் எழுதிய கடிதம் எதுவும் பிழைக்காக மேஜைக்குத் திரும்பி வந்ததில்லை என்று அவளுடைய பிரிவு உபசாரத்தில் மூன்று அதிகாரிகள் பேசியிருக்கிறார்கள். அதில் ஒருவர் கண் கலங்கினார்.

என்ஜின் உட்கார்ந்த மறுநாளிலிருந்து கண்ணாடிக்காரர் கடையிலிருந்து சீக்கிரம் வந்து ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார். ஹாரன் இரண்டும் சீட்டில் இருந்தபடியே சரியாகப் பொருந்தின. மனம் கொஞ்சம் தெளிந்தது. அடுத்து முன்விளக்கு வயர்கள். ‘வலது’ என்று ஒட்டியிருந்த கட்டு வலது விளக்குவரை எட்டவேயில்லை. இடது பக்கம் கொண்டுபோனால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. மட்கார்டைத் தாங்கும் கம்பிகளும் மாறியிருந்தன. அதற்கடுத்த கிளாம்புகள் சரியாக இருந்தன. எல்லாமே தப்பாக இருந்திருந்தால் அவருக்குக் கவலையில்லை. பக்கம் மாற்றி மாட்டிக்கொண்டு போய்விடலாம். இது ஒன்று சரி, ஒன்று தப்பு, அடுத்தது என்னவென்று யாருக்கும் தெரியாது என்று போனது.

கழற்றிய நாட்களை நினைத்துப் பார்த்தார். காரின் எதிரே நின்று, வயிறு அழுந்தக் குனிந்து, கையை உள்ளே விட்டு, “வலது” என்று குரல் கொடுத்தது காதிலேயே இருந்தது. சீட்டில் ‘இடது’ என்று இருந்தது. காகிதம் அவர் கையில் இருந்தது. ஞாபகம் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் தப்பாக எழுதியிருப்பாள் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. அப்படியானால் தன் வாய் ஒன்றைச் சொல்ல, மனம் வேறொன்றைச் சொன்னதாக எண்ணிக்கொண்டிருக்கிறது. வேறு எப்படி யோசித்தாலும் கணக்கு அங்கேயே வந்து நின்றது.

பல் தேய்க்கும்போது பிரஷ் எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். பஸ் திரும்பும்போது, இது வலது, இது இடது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே ஒலித்தன.

அவருடைய அப்பா தபால்காரர். ஓய்வு பெற்றபின் அறுபத்தோராம் வயதில் ஒருநாள் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போய்வந்தார். வீடே சிரித்தது. மறுநாளும் அப்படியே போனார். இரண்டு வருடம் கழித்து, தானே ஆயிரம் முறை தபால் கொடுத்த வீட்டு வாசலில் நின்று, இது யார் வீடு என்று கேட்டார். அது அவருடைய தங்கை வீடு.

கடையில் ஒரு ஆசிரியைக்குக் கண்ணாடி செய்ய வேண்டியிருந்தது. வலது கண்ணுக்குப் பவர் ஆறு, இடதுக்கு ஒன்றரை. மாற்றிப் பொருத்தினால் அந்த அம்மாள் படியில் கால் வைக்க முடியாது. கண்ணாடிக்காரர் ஐந்து முறை சரிபார்த்தார். ஆறாவது முறை பார்க்கும்போது முதல் ஐந்து முறையும் எதைப் பார்த்தோம் என்று சந்தேகம் வந்துவிட்டது. கொடுத்தனுப்பிவிட்டு, உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் பிரேம் காட்டும் பெண்ணிடம், மெஷின் ரிப்பேர், லென்ஸ் எல்லாவற்றையும் தேய்க்க வெளியே அனுப்பிவிடு என்றார். அதற்கு அடுத்த வாரம், வேறு எங்காவது வேலை கிடைத்தால் பார்த்துவைத்துக்கொள் என்றும் சொன்னார். அந்தப் பெண் தான் என்ன தப்புச் செய்தோம் என்று புரியாமல் விழித்தாள்.

தன் கண்ணாடியின் மூக்குப்பட்டை தளர்ந்துவிட்டதென்று ஸ்டெனோ அம்மா ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனாள். போனவள் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தாள். அவள் ஆட்டோவில் வருவது அபூர்வம். கண்ணாடிக்காரர் கார் நிற்கும் முன்கூடத்தில், இரண்டு பிரேக் குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு எது எந்தச் சக்கரத்துக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெஷினுக்கு என்ன?” என்று கேட்டாள்.

“ரிப்பேர்.”

“போட்டுப் பார்த்துட்டுத்தான் வர்றேன். ஜம்முனு சுத்துது. அந்தப் பொண்ணு அழுவுது.”

அவர் குழாய்களைக் கீழே வைத்தார். கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு தரையைப் பார்த்தபடி பிராக்கெட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். வயர், கம்பி, ஆசிரியையின் கண்ணாடி.

“அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. எனக்கு வலது இடது போயிடுச்சும்மா.”

சீட்டுகள் எங்கே என்று கேட்டாள். தப்பாக இருந்த பதினொன்றையும் அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அவற்றை மட்கார்டின்மேல் வரிசையாகப் பரப்பி, மூக்குப்பட்டை தளர்ந்த கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படித்தாள். அவள் காது சிவந்தது.

“என்னங்க, இதுல சிலதை நான்தான் மாத்தினேன்.”

“மாத்தினேன்னா?”

“இந்தப் பக்கம் கையை வெச்சுக்கிட்டு வலதுன்னீங்க. பாவம், வாய் தவறிடுச்சுன்னு நான் இடதுன்னு எழுதிட்டேன்.”

“அது என் இடது கைப் பக்கம். காருக்கு அது வலது.”

“காருக்கு ஏதுங்க வலது இடது?”

கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. முப்பத்து நாலு வருடமாக அவர் எதிரே உட்கார்ந்தவர்களின் கண்ணைப் பார்த்தே வேலை செய்தவர். எதிராளியின் வலது கண் இவருடைய இடது கைப்பக்கம் இருக்கும். அதை வலது என்று எழுதிப் பழகிய கை. காரின் எதிரே நின்றபோதும் முகத்தைப் பார்ப்பதுபோலவே பார்த்திருக்கிறார். ஓட்டுபவர் இடத்திலிருந்து பார்த்தாலும் அதுதான் சரி. இதை இன்னொரு மாதிரியும் பார்க்கலாம் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. பக்கத்தில் நின்றவளுக்கோ, அவருடைய இடது கைப் பக்கம் இருப்பதெல்லாம் இடது.

“நான் சொன்னதை எழுதறதுக்கு என்ன?”

“ஆபீசர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதியிருந்தா அந்த ஆபீசை என்னைக்கோ மூடியிருப்பாங்க. அவர் சொல்ல வந்தது எதுவோ அதைத்தான் எழுதணும்.” அதைச் சொல்லும்போது அந்த நிலையிலும் அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது.

கேட்டிருக்கலாமே என்றார் இவர். கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும் என்றாள். அது உண்மைதான் என்பதால் இவருக்குக் கோபம் வந்தது. அவள் விடவில்லை, மூன்று வாரமாக இதை மனதில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். அவர் பேச்சை மாற்றி, சீட்டுகளைக் காட்டினார்.

“எத்தனை மாத்தினே?”

“பக்கத்துல நின்னு எழுதினதை மாத்தினேன். சமையலறையில இருந்தப்ப நீங்க கத்தினதை அப்படியே எழுதினேன்.”

“எது பக்கத்துல, எது சமையலறை?”

“யாருக்கு ஞாபகம் இருக்கு?”

ஞாபகம் இல்லை என்று இன்னொருவர் வாயால் கேட்பது அவருக்கு அவ்வளவு இதமாக இருந்தது. தோள் தளர்ந்தது. சிரித்தார். அவளும் சிரித்தபடி சீட்டுகளை மறுபடி பார்த்தாள். ஒன்றை மட்டும் தனியே எடுத்தாள்.

“இது தெரியும். ரேடியேட்டர் பக்கத்துத் தகடு. பால் பொங்கி வழிஞ்சுச்சு, அடுப்பைத் துடைச்சிக்கிட்டே எழுதினேன். இது உள்ளேயிருந்து எழுதினது.”

உள்ளேயிருந்து எழுதினது என்றால் அவள் மாற்றாதது. ஆனாலும் தப்பாக இருந்தது. அவர் அந்தத் துண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் பசை காய்ந்து தூசு ஒட்டியிருந்தது.

“ஒரு தடவை யாருக்கும் வாய் தவறும்ங்க” என்றாள் அவள்.

“தவறும்” என்றார் அவர்.

உள்ளே போய்ப் பிரேம் காட்டும் பெண்ணுக்கு போன் செய்தார். வேலையெல்லாம் தேட வேண்டாம், திங்கட்கிழமை லென்ஸை வெளியே அனுப்ப வேண்டாம், நானே தேய்க்கிறேன் என்றார். கொஞ்சம் தயங்கி, இனிமேல் ஒவ்வொரு ஜோடியையும் கொடுக்கும் முன்னால் நீயும் ஒரு தடவை சீட்டோடு வைத்துப் பார்த்துவிடு என்றும் சொன்னார்.

திரும்பி வந்தபோது ஸ்டெனோ அம்மா டேப் உருளையும் பேனாவுமாகக் காருக்குள், ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். இங்கே உட்கார்ந்தால் உங்கள் வலதும் என் வலதும் ஒன்றுதானே என்றாள். மீதி இருக்கிற சாமான்களுக்கெல்லாம் புதுச் சீட்டு எழுதிவிடலாம் என்பது அவள் யோசனை. யோசனை நல்லதுதான். ஆனால் தூக்கி நிறுத்தியிருந்த பானெட் முன்கண்ணாடி முழுவதையும் மறைத்தது. அவளுக்கு அவர் தெரியவில்லை. அவருடைய குரல் மட்டும்தான் வந்தது.

அவர் நீளமான பிரேக் குழாயை எடுத்து, ஒரு பக்கம் வைத்துப் பார்த்து, மறுபக்கம் வைத்துப் பார்த்தார்.

“பிரேக் குழாய். இடது.”

“நிச்சயமா?”

பானெட்டுக்குப் பின்னால் குழாய் எதன்மேலோ மெல்ல இடித்தது. மறுபடி இடித்தது.

“எழுதும்மா.”