அடைப்பானைப் பிடுங்கியது யார்

வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் சித்தி குழாயை இறுக மூடி, அதன் பிடியில் ஒரு வெள்ளை நூலைக் கட்டிவிட்டுத்தான் போவாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். திரும்பி வந்ததும் முதல் வேலை நூல் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பது. "கடவுளே வந்தாலும் உங்க சித்தி கையெழுத்து வாங்கிட்டுத்தான் உள்ள விடுவா" என்பார் அப்பா. அவள் சிரிக்கமாட்டாள். அந்தக் கையெழுத்து அசல்தானா என்று யோசிப்பதுபோல் நிற்பாள்.

சித்தி, அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். மீன் காட்சியகத்தில் தொட்டி கழுவும் வேலை. அங்கே ஓர் ஆக்டோபஸ் இருந்தது. "மீனு சும்மா பாக்கும். இது நோட்டம் விடுது" என்பாள்.

ஒருநாள் காலை அதன் தொட்டியின் அடியிலிருந்த வடிகால் அடைப்பான் கழன்று, பாதித் தண்ணீர் வெளியே ஓடியிருந்தது. முந்தின மாலை அதைக் கடைசியாகக் கழுவியவள் சித்தி. அடைக்க மறந்துவிட்டாள் என்றார் மேலாளர். அடைத்தேன், ஆக்டோபஸ்தான் பிடுங்கிவிட்டது என்றாள் இவள். வேலை ஊசலாடியது. வீட்டுக் குழாயையே நம்பாதவள் வடிகாலை மறப்பாளா என்று அம்மா வாதாடினாள். எப்போதோ ஒருமுறை மறந்தவள்தானே நூல் கட்டுவாள் என்று எனக்குத் தோன்றியது.

அந்த வாரம் நான் கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். வேற்றுலக உயிர்கள் தொழில்நுட்பத்தை எப்படி வளர்த்திருக்கும் என்பது பொருள். முழுக்க நீராலான உலகில் நெருப்பு இல்லை, நெருப்பில்லாமல் உலோகம் இல்லை, உலோகமில்லாமல் இயந்திரம் இல்லை. ஆகவே அங்கே தொழில்நுட்பமே பிறக்காது என்று முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கப்போகிறவள் நான். "ஆகவே" என்று எழுதும்போது முதுகு தானாக நிமிரும்.

சித்தி படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"இதெல்லாம் யாரு போய்ப் பாத்தா?"

"யாரும் பாக்கல சித்தி. யோசிச்சு எழுதினது."

"அடுப்பு முன்னாடி உக்காந்து யோசிச்சா அடுப்புதான் தெரியும். தண்ணிக்குள்ளயே இருக்கிறவனுக்கு இரும்பு எதுக்கு? எங்க அடைச்சா தண்ணி எங்க திரும்பும்னு பழகிப்பான். ஓட்டத்தைப் புடிச்சு வேலை வாங்குவான்."

நானும் விடவில்லை. ஆக்டோபஸ் முட்டை பொரிவதோடு தாய் செத்துவிடும், குஞ்சுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, ஒவ்வொன்றும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அப்படிப்பட்ட இனம் எதைக் கட்டியெழுப்பும் என்றேன்.

"உனக்கு இந்த வீட்டுல யாருடி சொல்லிக்கொடுத்தா?"

அவள் மடக்கியது கட்டுரைக்காகத்தானா என்று அப்போதே ஓர் உறுத்தல். மறுநாள் விஷயம் தெரிந்தது. மேலாளரிடம் வந்து பேசச் சொன்னாள். "நான் சொன்னா கதை. நீ சொன்னா விஞ்ஞானம்."

மேலாளர் நான் பேசியபோதும் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிராணியால் அடைப்பானைக் கழற்ற முடியும் என்றேன்.

"முடியும். ஆனா, செஞ்சுச்சா?"

அது எனக்குத் தெரியாது என்றேன். அவர் நெடுநேரம் பேனாவை உருட்டினார். பிறகு அடைப்பானுக்கு ஒரு பூட்டு போடச் சொன்னார். சித்தியின் வேலை தப்பியது.

வெளியே வரும்போது தொட்டியைப் பார்த்தேன். அடைப்பான்மேல் தற்காலிகமாக வைத்திருந்த கல்லை அது ஒரு கையால் தடவிக்கொண்டிருந்தது. மற்ற கைகள் ஒன்றும் அறியாததுபோல் கிடந்தன.

"சித்தி, நிஜமாவே அடைச்சியா?"

அறுந்த நூலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "வீட்டுக்கு வா, சொல்றேன்."

வீட்டில், சாப்பிடு, சொல்றேன் என்றாள். பிறகு, கட்டுரை அச்சில் வரட்டும், சொல்றேன் என்றாள். கட்டுரையும் வந்தது, "ஆகவே" அடிக்கப்பட்டு, முடிவில் ஒரு கேள்விக்குறியோடு. ஆக்டோபஸ் அடுத்த வருடமே செத்தது. போன மழைக்காலத்தில் சித்தியும் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு ஒண்ணு சொல்லணும்ல" என்றாள். சொல்வதற்குள் தூங்கிப்போனாள்.

அது எனக்கு வரவேண்டிய பாக்கி. இனி யாரிடம் கேட்பது?