மாமாவின் கிடாருக்கு நான் போட்ட தந்திகள்

1. ஜூன் மாதம் மாமா தன் கிடாரை எங்கள் வீட்டுப் பரண்மேல் வைத்துவிட்டு ஒரகடத்துக்கு வேலைக்குப் போனார். யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்றார்.
2. ஆகஸ்டில் நான் கை வைத்தேன்.
3. நவம்பரில் நாலாவது தந்தி அறுந்தது.
4. அக்கா காஞ்சிபுரத்திலிருந்து புதுத் தந்திகள் வாங்கி வந்தாள். ஆறையும் நானே மாற்றினேன்.
5. அவை அந்தக் கிடாருக்கான தந்திகள் அல்ல.
6. கிறிஸ்துமஸ் அன்று மதியம் கிடார் உடைந்தது.

இப்படி எழுதிப் பார்த்தால் சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நாலாவது வரிக்கும் ஆறாவது வரிக்கும் நடுவில் ஐந்து வாரம் இருந்தது. முதல் சில நாள் போக, அந்த ஐந்து வாரமும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. காவாந்தண்டலத்தில் எங்களோடுதான் இருந்தார். ஐடிஐயில் பிட்டர் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் மற்ற நாட்களில் யார் கூப்பிட்டாலும் அங்கேயும் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். மானாம்பதியில் ஒரு கல்யாண வரவேற்பில் அவர் வாசித்ததைச் செங்கல்பட்டிலிருந்து வந்த மெல்லிசைக் குழுக்காரர் கேட்டிருக்கிறார். குழுவில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். எங்கள் கிடார்காரர் வருஷக் கடைசியோடு வெளிநாடு போகிறார், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்து வாசித்துக் காட்டு, வாசிப்பு சுத்தமாக இருந்தால் அந்த இடம் உனக்குத்தான் என்று மாஸ்டர் சொன்னார். மாமா அதை அம்மாவிடம் சொன்னார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் சொன்னாள். அதற்குப் பிறகு ஊரில் தெரியாதவர்கள் இல்லை.

ஒரகடத்து வேலை அதுவரைக்கும்தான் என்பது பேச்சு. ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தார். தங்கிய அறையில் ஏழு பேர். கிடாருக்கு இடமில்லை. அதனால்தான் அது பரண் ஏறியது.

எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். மாமா குழுவில் சேர்வார். நான் பத்தாவது முடிப்பதற்குள் கற்றுக்கொள்வேன். பிறகு மாமா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் மேடையில் நிற்போம். எனக்கு மினுமினுக்கும் கோட்டு என்பதுகூட அதில் இருந்தது. இந்தத் திட்டம் மாமாவுக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்திலிருந்து நாலரைக்கு வருவேன். அம்மா கழனியிலிருந்து வர ஆறு ஆகும். அக்காவின் காலேஜ் பஸ்ஸும் ஆறுக்குத்தான். அப்பா சென்ட்ரிங் வேலைக்காரர், வாரம் ஒரு முறைதான் வருவார். இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் வீடு என்னுடையது. கிடாரின் உறைக்குள் ஒரு நோட்டு இருந்தது. ஆறு கோடு போட்டு, எந்தத் தந்தியில் எந்த விரல் என்று மாமா புள்ளி வைத்திருந்தார். அதைப் பார்த்து நான் விரல்களை வைத்தேன். முதல் மாதம் தகரத்தைச் சுரண்டும் சத்தம் வந்தது. மூன்றாவது மாதம் ஒரு பாட்டின் பாதி வந்தது.

அப்போதுதான் நாலாவது தந்தி அறுந்தது.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். ஒற்றைத் தந்தி கிடைக்காது, முழு செட்டாகத்தான் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னதாக மறுநாள் வந்து சொன்னாள். இரண்டு வகை இருக்கிறதாம், எது என்று கேட்டாராம். அறுந்து போகாத மாதிரி கெட்டியாகப் பார்த்து வாங்கி வா என்றேன். அவள் கெட்டியாகத்தான் வாங்கி வந்தாள். ஸ்டீல் தந்திகள்.

மாமாவுடையது நைலான் தந்திக் கிடார். அதில் மெல்லிய மூன்று தந்திகள் மீன் பிடிக்கிற நரம்பு போலக் கண்ணாடி நிறத்தில் இருக்கும். பழசாகி நிறம் போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். புதியவை பளபளவென்று இருந்தன. மாட்டி மீட்டியதும் சத்தம் இரண்டு மடங்காக எழுந்தது. மாமாவுக்கு நல்லது செய்துவிட்டேன் என்று அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கினேன்.

ஐந்தாவது நாள் கிடாரில் ஓர் இடைவெளியைப் பார்த்தேன். தந்திகளின் அடிமுனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கட்டைக்கு பிரிட்ஜ் என்று பெயர். அது கிடாரின் மேல்பலகையில் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஸ்டீல் தந்தியின் இழுப்பு நைலானைவிட மிக அதிகம். கட்டையின் பின்பக்கம் பலகையை விட்டுக் கிளம்பியிருந்தது. பஸ் டிக்கெட்டை நுழைத்துப் பார்த்தேன், போனது. மறுநாள் நோட்டுத் தாளை மடித்து நுழைத்தேன், அதுவும் போனது. அதற்கடுத்த வாரம் நோட்டு அட்டை போனது. தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். எழுதினால் நின்றுவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

இன்று எனக்குத் தெரியும், தந்திகளைத் தளர்த்தியிருந்தால் போதும். அன்று நான் செய்தது நேர் எதிர். கட்டை கிளம்பக் கிளம்ப சுருதி இறங்கியது. மாமா வந்து எடுக்கும்போது சுருதி சரியாக இருக்க வேண்டுமே என்ற பயத்தில் தினமும் முறுக்கி ஏற்றினேன். தினமும் என் கையாலேயே அதைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு நாள் வைத்தியமும் செய்தேன். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒட்டக் காய்ச்சிய மைதாப் பசையை இடைவெளிக்குள் தடவி, கட்டிலுக்கு அடியில் கிடாரைப் படுக்க வைத்து, அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி அதன்மேல் ஏற்றினேன். அக்காவுக்கு அன்று காலேஜ் லீவு. அன்றைக்கென்று அம்மாவும் சீக்கிரம் வந்து சட்னி அரைக்க உட்கார்ந்தாள். குழவி இல்லை. நான் உள்ளே ஓடிப்போய்த் துணியோடு தூக்கி வந்தேன்.

"கொழவிக்குக் குளுருதுன்னு போத்தி வெச்சியாடி?" என்றாள் அம்மா.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பிறகு என்னிடம் வந்து, மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்றாள். நான் வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சொன்னால் அவருக்கு வேலை ஓடாது, விரல் எங்கேயாவது மெஷினில் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. கிறிஸ்துமஸுக்குள் அது தானாக ஒட்டிக்கொள்ளும் என்றும் தோன்றியது. இரண்டையும் ஒரே நேரத்தில் நம்பினேன்.

மாமா ஞாயிறுதோறும் போன் செய்வார். அம்மாவிடம் பேசிவிட்டுக் கடைசியில் என்னிடம், "கிட்டாரு இன்னா பண்ணுது பாப்பா?" என்று கேட்பார். "தூங்குது மாமா" என்பேன். டிசம்பர் பிறந்த பிறகு அவர் அதைக் கேட்கவில்லை. மூன்று ஞாயிறும் கேட்கவில்லை. என் ஜெபம் கேட்கப்படுகிறது என்று நினைத்தேன்.

இருபத்து நாலாம் தேதி காலையில் மாமா கேக் பெட்டியோடு வந்து இறங்கினார். கொஞ்சம் இளைத்திருந்தார். கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசினார், ஷிப்ட் மாறினால் தூக்கம் எப்படிக் கெடும் என்று பேசினார். சாப்பிட்டார், தூங்கினார். பரணைப் பார்க்கவே இல்லை. அவர் எழுந்து கையை உயர்த்திச் சோம்பல் முறித்தபோதெல்லாம் நான் பரணுக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். இன்னும் இரண்டு நாளில் வாசித்துக் காட்ட வேண்டியவர் ஏன் இன்னும் எடுத்துப் பழகவில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எடுக்காத ஒவ்வொரு மணி நேரமும் எனக்கு லாபமாக இருந்தது.

பண்டிகை அன்று மதியம் பிரியாணி முடிந்து எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்பாவும் இருந்தார். அம்மா சொன்னாள், "டேய், நாளிக்கு ஊருக்கெல்லாம் வாசிக்கப் போற. அதுக்கு முன்ன எங்குளுக்கு ரெண்டு பாட்டு வாசியேன்டா."

மாமா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிக் கிடாரை இறக்கினார். உறையைக் கழற்றியதும் தந்திகளைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒன்றைத் தடவினார். என்னைப் பார்த்தார். மடியில் வைத்து முதல் வரியை வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வரியில் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். கட்டை பெயர்ந்து பறந்து, அக்காவின் முன்னால் இருந்த எவர்சில்வர் டம்ளரில் பட்டு விழுந்தது. ஆறு தந்தியும் கொடி அறுந்தது போலத் தொங்கின.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. ஆகஸ்ட், நவம்பர், தந்தி, டிக்கெட், அட்டை, மைதா, குழவி என்று வரிசையாக, மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தாள். மாமா அம்மாவின் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார். கட்டையை எடுத்துத் திருப்பி, அதில் காய்ந்திருந்த மைதாவை நகத்தால் சுரண்டினார்.

"கொழவியவா வெச்ச?" என்றார்.

தலையாட்டினேன். மாமா சிரித்தார். பெரிய சிரிப்பு. அப்பா அவரைப் பயத்தோடு பார்த்தார்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே போய்ச் சுவரோரம் நின்றேன். மாமாவின் போனில் எதிர்முனைப் பேச்சு பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

"மாஸ்டர், கிட்டாரு ஒட்ச்சிக்கிச்சி. அக்கா பொண்ணு ஒட்ச்சிட்டா."

"அதுக்கின்னாப்பா இப்போ. நம்ம கையில ரெண்டு கீது. ஒண்ண எடுத்து வாசி. நீ வா."

"இல்ல மாஸ்டர். அது நம்ம கைக்கு செட்டாவாது."

"ரெண்டு நாள் வாசிச்சா தானா வரும்பா. அதுக்காக யாருனா வுடுவாங்களா? நாளிக்கி இல்லன்னா நாலு நாள் கழிச்சி வா."

"இல்ல மாஸ்டர். அந்த கிட்டாரோட போச்சி. நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க."

குரல் நடுங்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து என் தலையில் கை வைத்தார்.

"யாரு கேட்டாலும் நீதான் ஒட்ச்சன்னு சொல்லு. இன்னா?"

சரி என்றேன். தண்டனை என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய குற்றத்துக்கு அவ்வளவு சின்னத் தண்டனை கொடுத்ததில் அவருடைய நல்ல மனம் தெரிந்தது என்றும் நினைத்தேன்.

சொன்னபடி செய்தேன். சர்ச்சில் கேட்டவர்களுக்குச் சொன்னேன், கடையில் கேட்டவர்களுக்குச் சொன்னேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் மாமாவின் சிநேகிதர் ஒருவர், "உங்க மாமன் டிவில வந்துகினு இருப்பான், நீ கெடுத்த" என்று விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அது விளையாட்டாக இல்லை. வேறு கிடார் தருகிறேன் என்று மாஸ்டர் சொன்னதையும் மாமா மறுத்ததையும் என் காதால் கேட்டிருந்தேன். அந்த ஒரு கிடாரைத் தவிர வேறு எதுவும் அவர் கைக்கு ஆகாது, நான் உடைத்தது அதை, என்பதுதான் எனக்குப் புரிந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மேடை, கோட்டு, எல்லாம் அதோடு போயின. பாலிடெக்னிக்கில் சேரும் வரை கிடார் பக்கமே போகவில்லை. அங்கே ஹாஸ்டலில் ஒரு பெண் தன்னுடையதைக் கட்டிலில் போட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தாள். முதலில் தந்தி எந்த வகை என்று பார்த்தேன். பிறகு எடுத்தேன். பாதிப் பாட்டு அப்படியே விரலில் இருந்தது.

போன வருஷம் மாமாவின் பிஎஃப் கணக்கில் பெயர் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் ஆன்லைன் வேலை எல்லாம் என்னுடையது. பழைய கடிதங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். ஸ்கேன் செய்ய ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒப்பந்தத்திலிருந்து எடுத்து கம்பெனியின் சொந்த டிரெய்னியாகச் சேர்த்துக்கொள்கிறோம், ஜனவரி முதல் வாரத்திலிருந்து மூன்று ஷிப்டும் வர வேண்டும் என்று ஒரு கடிதம். சம்மதம் என்ற இடத்தில் மாமாவின் கையெழுத்து. பக்கத்தில் தேதி. நான் கிடாரை உடைத்த கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால்.

ஆண்டைத் திரும்பப் பார்த்தேன். அதேதான்.

மாமா எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "இன்னா பாப்பா, சரியா கீதா?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது மாமா என்றேன். அடுத்த தாளை எடுத்தேன்.

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்ட ஓர் ஆசையை வேண்டாம் என்று தன் வாயால் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியாது. அந்த மதியம் அவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்றும் அப்போது தெரியாது.

நான் இதுவரை அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மாமா இப்போது வாலாஜாபாத்தில் குடும்பத்தோடு இருக்கிறார். அதே கம்பெனியில் சூப்பர்வைசர். பிரிட்ஜை இரண்டு சின்ன போல்ட் போட்டு அவரே முடுக்கி, நைலான் தந்தி மாட்டியிருக்கிறார். ஷிப்ட் முடிந்து வந்து தினமும் அரை மணி நேரம் வாசிக்கிறார் என்று அத்தை சொல்கிறாள். நான் ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். போன தீபாவளி போனஸில் எனக்கென்று ஒரு கிடார் வாங்கினேன். மேடை ஏற வேண்டும் என்று இப்போது இரண்டு பேருக்கும் இல்லை. மாதம் ஒரு ஞாயிறு பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போகிறேன். பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட்காரர் தூங்குவார் என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறோம்.