ஆள் வேலை பார்க்கும்போது

பழனிசெட்டிபட்டியில் பைத்தான் என்னும் கணினி மொழி வகுப்புக்குப் போனபோது என் பக்கத்து நாற்காலியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் இருந்தார். வெள்ளை வேட்டி, விரல் நுனிகளில் மயில்துத்தத்தின் நீலக்கறை, எதையும் நானே எழுதுவேன் என்ற பிடிவாதம். கவாத்து வெட்டிய நாளைக் கொடுத்தால் அறுப்பு நாளைச் சொல்லும்படி இரண்டு பக்கத்துக்கு நிரல் எழுதினார். அது பிப்ரவரி முப்பதாம் தேதி அறுக்கச் சொன்னது.

“அண்ணே, தேதிக் கணக்குக்கு பைத்தான்கூடவே ஒரு லைப்ரரி வருது, வேற ஆளுக முன்னமே எழுதி வச்ச நிரல். ஒரே வரிதான். தோட்டத்துல எல்லாத்துக்கும் ஆள் விடுறீக, இங்கன மட்டும் ஏன் ஒத்தையா மல்லுக்கட்டுறீக?” என்றேன்.

“அங்கன வரப்புல நின்னு பாக்கலாம் தம்பி. இதுக்குள்ள யாரு என்ன செய்றாகன்னு எங்கன நின்னு பாக்குறது?”

அந்த லைப்ரரியின் நிரலையே திறந்து காட்டினேன். மாதங்களின் நாள்கள் வரிசையாக இருந்தன. லீப் வருஷத்துக்குத் தனிக் கணக்கும் இருந்தது. வகுப்பு முடியும்வரை கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் படித்தவர், “சுத்தமான வேலை” என்றார்.

மறுநாள் அந்த இரண்டு பக்கத்தையும் அழித்துவிட்டு ஒரே வரி எழுதியிருந்தார். நிரலை ஓடவிட்டவர் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரையையே பார்த்தபடி நின்றார்.

“உக்காருங்கண்ணே.”

“ஆளுக வேலை பாக்குறப்ப நாம உக்காந்திருந்தா நல்லாருக்காது தம்பி.”

அவர் எழுந்து நிற்பதற்குள்ளேயே விடை வந்துவிட்டிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.