ஏங்க என்று கூப்பிட்டவள்

கடத்தூருக்குப் பக்கத்தில் அந்த ஊரில், மாசி பங்குனி வந்தால் புளி தட்டும் சத்தம்தான். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டையால் புளியின் ஓட்டை உடைப்பார்கள், கொட்டையை எடுப்பார்கள், ஊர்க்கதை பேசித் தீர்ப்பார்கள். தீர்த்தம்மாள் மட்டும் கதவைச் சாத்திக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கிடப்பாள். சத்தம் கேட்டால் வேர்த்து உடம்பு நனைந்துவிடும். ரசத்துக்குக்கூடத் தக்காளிதான். பெங்களூரிலிருந்து மகள் காவியா போனில் "சாப்ட்டியாம்மா" என்று கேட்பாள். அதோடு சரி.

அந்த விபத்து நடந்து மூன்று வருடம் ஆகிறது. மரத்தில் மூன்று ஆண்கள் ஏறிப் புளி உலுக்க, கீழே அவர்களின் மனைவிமார் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். புருஷன் மாயவன் நின்ற கிளை அடியில் விரிவதைத் தீர்த்தம்மாள்தான் பார்த்தாள். "ஏங்க! ஏங்க!" என்று கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. அங்கே எந்தப் பெண்ணும் சொல்வதில்லை. தன் மனைவி காவேரிதான் கூப்பிடுகிறாள் என்று அடுத்த கிளையிலிருந்த குமார் திரும்பினான். மாயவன் திரும்பவில்லை. கிளை முறிந்தது. மற்றவர்கள் ஓடித் தூக்கினார்கள். இவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஊர் இரக்கமாகத்தான் நடந்துகொண்டது. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அவள் எதிரில் மாயவன் பேச்சையே எடுப்பதில்லை. புளி தட்டுவதையும் கோயில் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். இப்படியே அவளைத் தனியாக்கிவிட்டார்கள்.

தூக்க மாத்திரை வாங்கத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனவளை மனநல ஆலோசகர் ஜாஸ்மினிடம் அனுப்பினார்கள்.

"அந்த நாளை மொதல்லேருந்து சொல்லுங்கம்மா."

"மறக்கத்தாங்க வந்தேன். நெனைக்கச் சொல்றீங்களே?"

"மறக்க வெக்க எனக்குத் தெரியாதும்மா. நெனப்ப வெளிய எடுக்கறப்ப கொஞ்சம் இளகும். அப்பவே வேற மாதிரி நெனச்சு மாத்தி வெச்சா, பல பேருக்கு பயம் கொறையுது."

"போனவரு வந்துருவாரா?"

"வரமாட்டாரு. நீங்க நின்ன எடம் மாறும்."

நாலாவது வாரம், கண்ணை மூடி நினைப்பிலேயே மரத்தடிக்குப் போனாள். "இப்ப என்ன செய்யத் தோணுது?" என்றாள் ஜாஸ்மின். தீர்த்தம்மாள் வாயில் "மாயவா!" என்று வந்தது. சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நினைப்பில் அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கிளை அப்போதும் முறிந்தது. விரிந்ததற்கும் முறிந்ததற்கும் நடுவே ஒரு மூச்சுதான் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடிபட்டது. இந்த முறை ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வாராவாரம் அதையே செய்தாள்.

இந்தப் பங்குனியில் கோயில் பக்கம் போனாள். பார்த்ததும் கட்டைகள் நின்றன. குள்ளம்மாள் புளியின் மேல் சாக்கை இழுத்துப் போட்டாள்.

"எதுக்குக்கா மூடறீங்க? மாயவன் பொண்டாட்டிக்கும் ஒரு கட்டை குடுங்க."

"அடி ஆத்தா! புருசன் பேர மைக்செட்டு போட்டாப்பல சொல்றாளே!" என்றாள் ஒருத்தி.

சிரித்தார்கள்.

"நீங்களும் சொல்லிப் பழகுங்க. மரத்துமேல மூணு பேரு இருந்தா, ஏங்கன்னா யாரு திரும்புவாங்க?"

சிரிப்பு நின்றது. காவேரி தலையைக் குனிந்துகொண்டாள். தீர்த்தம்மாளே முதல் அடியை அடித்தாள். அரைக் கூடை வரை தாங்கினாள், வேர்த்தது, எழுந்துவிட்டாள்.

"நாளைக்கும் வா," என்று குள்ளம்மாள் ஒரு பிடி புளியைக் கையில் திணித்தாள்.

வீட்டில் ரசம் வைத்தாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு புளி என்று கை அறியாது. இரண்டு பேருக்குக் கரைத்துவிட்டாள்.